எம்டன் எண்டா ஆர்?

எங்கட தம்பிக்கு ஒரு கெட்டித்தனம் இருக்கு. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசு ஒரு சதமும் பிசகாமல் வரும். ஆனால் அவன் வாங்கிவருகிற ஏதோ ஒரு சாமானின் விலை மட்டும் எப்பவும் கொஞ்சம் கூடியிருக்கும். போன பள்ளி விடுமுறையில் அம்மம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டா. அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னா:

"இவன் லேசுப்பட்ட ஆளில்லை. சரியான எம்டன்."

குரலில் பாதி கோபம், பாதி பெருமை. தம்பிக்கும் அது விளங்கியிருக்க வேணும், சிரித்துக்கொண்டே நழுவிவிட்டான். நான் சும்மா கேட்டேன்.

"எம்டன் எண்டா ஆர் அம்மம்மா?"

"எம்டன் எண்டா எம்டன்தான். உன்ர தம்பியைப் போல ஒருத்தன்."

குசினிக்குள்ள இருந்து அம்மா குரல் குடுத்தா. "எமன் எண்டதில இருந்து வந்திருக்கும். எமகாதகன் எண்டு சொல்லுறதில்லையே, அதுமாதிரி."

நானும் அப்பிடித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எம்டன் ஒரு ஆளில்லை. எமனுக்கும் சொந்தமில்லை. அது ஒரு கப்பல். நூறு வருசத்துக்கு முதல் வங்காள விரிகுடாவில் ஓடித் திரிந்த ஒரு ஜேர்மன் போர்க்கப்பல். இது சிலருக்குத் தெரிந்த கதையாக இருக்கலாம். எனக்கு அதிலிருந்து வேறொரு கேள்வி வந்தது. நான் திருகோணமலைப் பிள்ளை. உவர்மலையில் நின்றால் துறைமுகம் கண்ணுக்கு முன்னால கிடக்கும். எங்கட ஊரை எம்டன் ஒருநாளும் தாக்கவில்லை, ஆனால் அதன் பெயர் அம்மம்மாவின் வாயில் இருக்கிறது. எங்கட ஊரை உண்மையாகவே தாக்கிய கப்பல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர்கூட இந்த ஊரில் ஒருத்தர் வாயிலும் இல்லை. ஏன்?

எமனா, கப்பலா?

முதலில் அம்மாவின் எமன் கதையைப் பார்ப்போம். ஒரு சொல்லுக்கு நாங்கள் வீட்டில் இருந்து சொல்லுகிற காரணம் எப்பவும் அழகாகத்தான் இருக்கும். அழகாக இருக்கிறது என்பதற்காகவே அதைச் சந்தேகிக்க வேண்டும்.

'எம்டன்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ம்' முடிந்த உடனே 'ட' வருகிறது. தமிழில் இப்படி ஒரு சொல் பிறக்காது. எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் வரலாம் என்பதற்குத் தொல்காப்பியம் தொட்டே மெய்ம்மயக்கம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 'ம்'முக்குப் பிறகு 'ப' வரும்: பாம்பு, கம்பு, அம்பு. 'ட'வுக்கு முன்னால் 'ண்' வரும்: நண்டு, வண்டி, முரண்டு. 'ம்'மும் 'ட'வும் ஒரு சொல்லுக்குள் ஒட்டாது. எமனிலிருந்து தமிழர் தாங்களே ஒரு சொல்லைச் செய்திருந்தால் அது வாயில் இப்படி இடறாது. இடறுகிறது என்றால் வெளியிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

மலையாளிகள் இந்த இடறலைச் சரிசெய்துவிட்டார்கள். நடுவில் ஒரு உயிரை வைத்து, 'ண்' சேர்த்து, 'எமண்டன்' ஆக்கினார்கள். பிறகு அவர்களுக்கும் எமன் ஞாபகம் வந்து 'யமண்டன்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். 2019இல் துல்கர் சல்மான் நடித்து வந்த மலையாளப் படத்தின் பெயர் 'ஒரு யமண்டன் பிரேமகதா'. எங்கட அம்மா செய்த அதே வேலையை ஒரு மொழியே செய்திருக்கிறது.

சிங்களத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. கலைப்பீடத்தில் என்னோட படிக்கிற தோழி ஒருத்தியிடம் கேட்டேன். "எம்டன்" என்று அதே உச்சரிப்பில் சொல்லி, தன்ர மாமா ஒருத்தரை உதாரணம் காட்டினாள். தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் ஒரே சொல் ஒரே ஆட்களுக்குப் பட்டமாக இருக்கிறது என்றால், மூன்று கரைக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் அதைக் கொண்டு வந்திருக்க வேண்டும். மூன்று கரைக்கும் பொதுவானது கடல்.

ஆனால் அம்மாவின் விளக்கம் முழுதும் வீணில்லை. வெளியிலிருந்து எத்தனையோ பெயர்கள் வந்து போயின, இது மட்டும் ஏன் தங்கியது? முன்பாதி எமனைப் போலக் கேட்கிறது. பின்பாதி திருடன், முரடன் என்பதைப் போல 'அன்' விகுதியில் முடிகிறது. இறக்குமதியான பெயர், ஆனால் வந்து இறங்கும்போதே ஒரு தமிழ் ஆம்பிளையைப் போல உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது. அதனால்தான் கப்பல் மறந்துபோன பிறகும் ஆள் நிற்கிறான்.

ஒரு கப்பலின் மூன்று மாதம்

எம்டன் என்பது ஜேர்மனியின் வடமேற்கில் எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அந்தப் பெயரைச் சுமந்த கப்பல் 1908இல் கடலில் இறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 118 மீற்றர், பீரங்கி பத்து. அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல்களோடு ஒப்பிட்டால் சின்னக் கப்பல்தான். சீனாவில் ஜேர்மனியிடம் இருந்த சிங்தாவ் துறைமுகம்தான் அதன் தளம். 1914 ஓகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியதும், ஜேர்மன் கிழக்காசியக் கப்பற்படை பசிபிக் வழியாகத் தென்னமெரிக்கப் பக்கம் போக முடிவெடுத்தது. எம்டனின் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் மட்டும் தனியாக இந்து சமுத்திரத்துக்குப் போக அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்போது இந்து சமுத்திரம் பிரித்தானியரின் வீட்டு முற்றம் மாதிரி. கல்கத்தா, மதராஸ், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் அவர்களுடையவை. அந்த முற்றத்துக்குள் ஒற்றைக் கப்பல் நுழைந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அதோடு ஒரு போலிப் புகைபோக்கியையும் கட்டி நாலாக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரித்தானியக் கப்பல் மாதிரித் தெரியும். செப்டெம்பர் 10இலிருந்து வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலை மூழ்கடிக்கும். பிடிபட்டவர்களைப் பிறகு வேறொரு கப்பலில் ஏற்றி அனுப்பிவிடும். ஓடுவதற்கு நிலக்கரி வேண்டும், துறைமுகம் ஒன்றும் சொந்தமில்லை. ஆகவே பிடித்த கப்பல்களின் நிலக்கரியிலேயே ஓடியது. எதிரியின் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு எதிரியின் வீட்டையே கொள்ளையடித்தது என்று சொல்லலாம்.

செப்டெம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் மதராஸ். ஊர் இருட்டடிப்புச் செய்யப்படவில்லை, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எம்டன் கரைக்குக் கிட்ட வந்து தேடொளியைப் போட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஒயில் கொம்பனியின் எண்ணெய்க் குதங்களை நோக்கிச் சுட்டது. நூறுக்கும் மேற்பட்ட குண்டுகள். அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. குதங்கள் எரிந்தன. குறைந்தது 5 பேர் செத்தார்கள். ஒரு குண்டு உயர் நீதிமன்ற மதிலில் விழுந்தது, அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கரையில் இருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டும் எம்டனில் படவில்லை, அது விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது.

அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கான சனம் மதராஸை விட்டு ரயிலிலும் வண்டியிலும் நடையிலுமாக வெளியேறியது. கப்பல் திரும்பி வரும் என்று ஒரு பேச்சு, இறங்கி ஊரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. எம்டன் திரும்பி வரவே இல்லை. அது தெற்கே இறங்கி இலங்கையைச் சுற்றிக்கொண்டு போனது. பாக்கு நீரிணைக்குள்ளால் அந்த அளவுக் கப்பல் போக முடியாது, ஆழமில்லை. ஆகவே எங்கட கிழக்குக் கடலில்தான், கரைக்கு வெகு தூரத்தில் போயிருக்க வேண்டும். திருகோணமலைக்கு அது தெரிந்திருக்காது. அந்த நேரம் எங்கட துறைமுகமே தூங்கிக்கொண்டிருந்தது. செலவு கூடிப்போச்சு என்று பிரித்தானியர் சில வருசங்களுக்கு முதல்தான் இங்கிருந்த கடற்படைத் தளத்தை ஒடுக்கியிருந்தார்கள்.

செப்டெம்பர் 25இல் கொழும்புக்கு அப்பால், துறைமுகத்தின் தேடொளி தெரிகிற தூரத்தில் வைத்து, சீனி ஏற்றிவந்த ஒரு கப்பலை எம்டன் பிடித்து மூழ்கடித்தது. பிறகு தியேகோ கார்சியாத் தீவுக்குப் போனது. அங்கிருந்த ஆட்களுக்குப் போர் தொடங்கியதே தெரியாது. ஒக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே போய் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை உடைக்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்ற கப்பலிடம் அகப்பட்டு, சுக்குநூறாகிப் பாறையில் ஏறியது. அதிலிருந்தவர்களில் 130க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தப்பியவர்களைக் கைதிகளாகக் கொழும்புக்குத்தான் கொண்டுவந்தார்கள். காயப்பட்டவர்கள் கப்பலில் இருப்பதால் துறைமுகத்தில் யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று 'சிட்னி'யின் தலைவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாராம்.

மொத்தம் மூன்று மாதம்தான். அதற்குள் 20க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களைப் பிடித்துவிட்டது.

கண்டது வேறு, கேட்டது வேறு

ஒரே கப்பல். ஆனால் மூன்று கரையில் மூன்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் எம்டன் என்றால் பெரும்பாலும் பயங்கரமான ஆள், கண்டிப்பான தகப்பன், பள்ளிக்கூடமே நடுங்குகிற தலைமை ஆசிரியர். 2006இல் திருமுருகன் இயக்கிய படம் நினைவிருக்கலாம். நாசர் அதில் மகனை அடித்து வளர்க்கிற தகப்பன். படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று அங்கே அப்போது ஒரு ஏற்பாடு வந்தது. 'எம்டன்' தமிழில்லை, ஆகவே படம் 'எம் மகன்' ஆகிவிட்டது. 92 வருசம் தமிழர் வாயில் குடியிருந்த சொல்லுக்கு அன்றைக்கும் குடியுரிமை இல்லை.

மலையாளத்தில் எமண்டன் என்றால் பென்னாம் பெரியது. ஒரு மீன், ஒரு வீடு, ஒரு பொய் எதுவும் எமண்டனாக இருக்கலாம். கப்பல் உண்மையில் சின்னது என்று சொன்னேனே, ஆனால் கதையில் அது வளர்ந்துவிட்டது.

எங்களிடம் எம்டன் என்றால் சுழியன். பிடிபடாதவன். உங்களுக்கு முன்னால் நின்று உங்களையே ஏமாற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறவன். என்ர தம்பி.

இந்த வித்தியாசம் ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. மதராஸ் எம்டனைக் கண்டது. வானம் சிவந்ததையும் குண்டுச் சத்தத்தையும் அறிந்தது. ஆகவே அங்கே அது பயம். மலபார்க் கரை அதைக் காணவில்லை, கேள்விப்பட்டது மட்டும்தான், ஆகவே அங்கே அது பருமன். இலங்கைக்கு எம்டன் என்பது வராத ஒன்று. வரும் வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கொழும்பின் விளக்கடியில் கப்பலைப் பிடித்துவிட்டு ஒரு குண்டும் போடாமல் மறைந்துபோனது. ஆகவே எங்களுக்கு அது தந்திரம். ஒவ்வொரு கரையும் தான் அனுபவித்ததைத்தான் சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது.

வராத கப்பலுக்கும் இலங்கை பயப்படாமல் இல்லை. அப்போது யால காட்டின் காவலராக இருந்தவர் எங்கல்பிரெக்ட் என்ற போயர். தென்னாபிரிக்கப் போரில் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே நின்றுவிட்டவர். எம்டனுக்கு அவர் இறைச்சி குடுத்தார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அவரைப் பிடித்து மறியலில் போட்டார்கள். அவர் மீது குற்றமில்லை என்பது பிறகுதான் தெளிவானது. எம்டன் இலங்கையில் ஒரு குண்டும் போடவில்லை, ஆனால் ஒரு மனிசனை மறியலுக்கு அனுப்பியிருக்கிறது.

திட்டா, பாராட்டா?

அம்மம்மாவின் குரலில் இருந்த அந்தப் பாதிப் பெருமைக்கு வருவோம். நாலு பக்கமும் குண்டு போட்ட ஒரு கப்பலின் பெயரை நாங்கள் ஏன் செல்லமாகச் சொல்லுகிறோம்?

எம்டன் எரித்தது ஆருடைய எண்ணெய்? பர்மா ஒயில் கொம்பனியுடையது. மூழ்கடித்தது ஆருடைய கப்பல்? பெரும்பாலும் பிரித்தானியருடையது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராச்சியம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களை ஒரு ஒற்றைக் கப்பல் மூன்று மாதம் ஓட ஓட விரட்டியது. இதைச் சத்தம் போட்டுச் சொல்லிச் சந்தோசப்பட முடியாது, அது இராசத் துரோகம். ஆனால் "எங்கட சின்னவன் ஒரு எம்டன்" என்று சொன்னால் எந்தப் பொலிசும் பிடிக்காது. வெள்ளைக்காரத் துரைக்கு எதிராகச் சொல்ல முடியாததைச் சனம் தன்ர பிள்ளைக்குப் பட்டமாகச் சூட்டியிருக்கிறது. நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு கதை இதற்கு இன்னும் பொருந்தும். செண்பகராமன் பிள்ளை என்ற விடுதலைப் போராளி எம்டனில் இருந்தார், மதராஸில் எங்கே சுடவேண்டும் என்று காட்டியதே அவர்தான் என்பார்கள். இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பது விளங்குகிறது. அந்தக் கப்பலில் எங்கட ஆள் ஒருத்தராவது இருந்திருக்க வேணும் எண்டு சனம் ஆசைப்பட்டிருக்கு.

இந்தப் பெருமைக்குள் ஒரு பிழையும் இருக்கிறது. மதராஸில் செத்த அந்த 5 பேர் சாம்ராச்சியம் இல்லை. துறைமுகத்தில் அந்த நேரம் நின்றவர்கள், அவ்வளவுதான். 'எம்டன்' என்ற சொல் கப்பலின் பெயரைத் தூக்கிக்கொண்டு நூறு வருசம் வந்திருக்கிறது. அவர்களின் பெயரில் ஒன்றையும் தூக்கி வரவில்லை.

பெயர் கேட்க நிற்காத நாள்

இப்போது எங்கட ஊருக்கு வருவோம்.

முதலாம் போருக்குப் பிறகு கடற்படைகள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறின. திருகோணமலை திரும்பவும் தேவைப்பட்டது. சீனக்குடாவில் காட்டுக்குள் வரிசை வரிசையாகப் பிரமாண்டமான எண்ணெய்க் குதங்கள் எழும்பின. அவற்றில் 99 இன்றைக்கும் நிற்கின்றன. செய்தியில் அடிக்கடி அடிபடுகிற அதே குதங்கள்தான்.

1942 ஏப்ரல் 9, காலை ஏழு மணி தாண்டிய நேரம். நான்கு நாளுக்கு முதல் கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படை எங்கட கிழக்குக் கடலுக்கு வந்திருந்தது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதம் ஒன்றில் விழுந்தது, அது நாட்கணக்காக எரிந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்ட 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. அதில் மட்டும் 307 பேர். நிலாவெளி வீதியில் இருக்கிற யுத்த மயானத்துக்குப் போனால் 1942 என்று போட்ட கல்லுகளைப் பார்க்கலாம். அங்கே கல்லு இருப்பது பெரும்பாலும் படையாட்களுக்கு.

மதராஸிலும் எண்ணெய்க் குதம் எரிந்தது, இங்கேயும் எரிந்தது. அங்கே வந்தது ஒரு சின்னக் கப்பல், இங்கே வந்தது ஒரு கப்பற்படை. அப்படியென்றால் இங்கேதானே பெரிய சொல் பிறந்திருக்க வேண்டும்? அந்த ஐந்து கப்பல்களில் தலைமைக் கப்பலின் பெயர் 'அக்காகி'. "இவன் ஒரு அக்காகி" என்று ஒருத்தரும் சொல்லக் கேட்டதில்லை.

அம்மம்மா அப்போது கைக்குழந்தை. அவவின் அம்மா சொன்னதை வைத்துத்தான் கதைப்பா. நான் கேட்டேன், "அந்த யப்பான் கப்பலுகளுக்கு என்ன பேர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அம்மம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"பேர் கேக்க நிண்டதோ? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினதுதான் எண்டு அம்மா சொல்லுவா."

என்ர கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கு. தூரத்தில் நடக்கிற பயத்துக்குப் பெயர் கேட்க நேரம் இருக்கும். பத்திரிகையில் வரும், சந்தியில் கதைக்கலாம், கூட்டிச் சொல்லலாம், பகிடி பண்ணலாம், பிறகு பிள்ளைக்குப் பட்டமாக வைக்கலாம். தலைக்கு மேலே வந்த பயத்துக்கு அந்த நேரம் கிடையாது. அம்மம்மா அந்த நாளைச் சொல்லுகிற விதமே வேறு. "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்பா. "நான் பிறந்தது யப்பான்காரன் குண்டு போட முந்தின வருசம்" என்பா. அந்தப் பயம் அவவுக்கு ஒரு ஆளாகவில்லை, ஒரு திகதியாகிவிட்டது.

அதற்குப் பிறகும் இந்த ஊர் அப்படித்தான் கதைத்திருக்கிறது என்று இதை எழுதும்போதுதான் கவனித்தேன். எங்கட வீடுகளில் "எண்பத்திமூண்டு" என்று சொன்னால் ஆரும் "என்ன எண்பத்திமூண்டு?" என்று கேட்பதில்லை. "தொண்ணூறு" என்றாலும் அப்படித்தான். வெறும் இலக்கங்கள். மற்ற ஊர்களில் அவை கணக்கு, எங்கட ஊரில் அவை சொற்கள். யார் செய்தது, யார் செத்தது என்று வாய்விட்டுச் சொல்ல ஏலாத காலத்தில் வருசத்தை மட்டும் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கப்பலைப் போல வந்த ஒரு பெயரும் எங்களிடம் இருக்கிறது. கிபிர். இஸ்ரேலில் செய்து 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த போர் விமானம். எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். 2006இல் மூதூர் கிழக்கில் குண்டு போட்டது இதுதான். எம்டனைப் போலவே வெளிநாட்டுப் பெயர், எம்டனைப் போலவே போர் இயந்திரம். வடக்குக் கிழக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் "இவன் சரியான கிபிர்" என்று எந்த அம்மம்மாவும் பேரனைச் செல்லமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நூறு வருசம் போனால் சொல்லுவார்களோ தெரியாது. சொல்லக்கூடிய காலம் வந்தால், சொல்லுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்காது.

இதைத்தான் நான் எம்டனிடமிருந்து படித்தேன். ஒரு பழமொழியோ பட்டப்பெயரோ கிடைத்தால் அதற்குள் வரலாறு இருக்கு என்று நாங்கள் சந்தோசப்படுகிறோம். இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய வரலாறு மட்டும்தான் பட்டப்பெயராகிறது. சிரிக்க ஏலாதது வேறு எங்கேயோ கிடக்கிறது. ஒரு வருசத்தில், ஒரு இலக்கத்தில், ஒரு கதை பாதியில் நிற்கிற இடத்தில். நாங்கள் தேடுவதென்றால் அங்கேயும் தேட வேண்டும். உங்கட வீட்டில் "எம்டன் எண்டா ஆர்?" என்று கேட்பது சுகம். "தொண்ணூறு எண்டா என்ன?" என்று கேட்பது சுகமில்லை. இரண்டையும் கேளுங்கள். சொல்ல ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

ஜேர்மனியில் எம்டனிலிருந்து உயிர்தப்பியவர்களுக்குத் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளும் உரிமை பின்னாளில் கிடைத்தது. அது அவர்களுக்குப் பெரிய கௌரவம், பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் போனது. இதைத் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு அம்மம்மா சும்மா தந்திட்டா" என்றான்.

பிறகு கடைக்குப் போய்வந்தான். அன்றைக்குச் சீனி கிலோவுக்குப் பத்து ரூபா கூடியிருந்ததாம்.